சுபுஹுத் தொழுகைக்கு முன் கத்திய மோடம்: கீழக்கரை வீட்டில் டயல்-அப்பை வயர்லெஸ்ஸில் பகிர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

2005 ஜூன் கடைசி. அப்போது ராமநாதபுரத்தில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருந்தது. கீழக்கரையிலிருந்து ஒரு ஹாஜியார் போன் செய்தார். "தம்பி, மருமகன் சிங்கப்பூர்லேர்ந்து வயர் இல்லாத இன்டர்நெட்டு கொண்டாந்திருக்கார். வந்து மாட்டிக் கொடுத்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தால் அது ஒரு வயர்லெஸ் ரூட்டர். சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய பில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கூடவே ஒரு லேப்டாப். இன்டர்நெட்டுக்கு வயர் இருக்கத்தான் செய்தது: முன்கூடத்தில் மேசைக்குப் பின்னால், டெலிபோனுக்குப் போகும் அதே வயர்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். ஹாஜியார் சங்கு வியாபாரம் செய்து ஓய்ந்தவர். ஓய்ந்தாலும் கொல்கத்தாவிலிருந்து வளையல் செய்கிறவர்கள் மாலையில் கூப்பிடுவது நிற்கவில்லை. அதனால் போன் முன்கூடத்தில், வருகிறவர் போகிறவர் உட்காரும் இடத்தில். பக்கத்திலேயே டெஸ்க்டாப். மூத்த மகள், கீழக்கரை வழக்கப்படி, கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே, மாடியில். கணவர் சிங்கப்பூரில். அவரோடு பேச வேண்டுமென்றால் மகள் கீழே வந்து, வாப்பாவின் சிநேகிதர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் மைக்கை வைத்துக்கொண்டு பேச வேண்டும். எந்தப் பெண் பேசுவாள்? இரண்டு வருஷமாக மெயில் மட்டும்தான். இளைய மகள் காலேஜில் படித்தாள்; டெஸ்க்டாப் பெரும்பாலும் அவள் கையில்.

கேபிள் இழுத்தால் ஐந்நூறு ரூபாயில் முடியும் என்றேன். ஹாஜியார் சுவரைக் காட்டினார். கடற்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் பாட்டனார் காலத்தில் கட்டியது, ஒன்றரை அடி கனம். "இதுல ஓட்டை போட வேணாம் தம்பி" என்றார். சரி, வயர்லெஸ்தான்.

இணைப்பு போட்ட விதம்

டெஸ்க்டாப்பில் விண்டோஸ் எக்ஸ்பி. சீரியல் போர்ட்டில் ஒரு வெளி மோடம் (போன் லைன் வழியாக இன்டர்நெட்டுக்கு டயல் செய்யும் பெட்டி), மோடத்திலிருந்து போன் லைன். லேன் கார்டிலிருந்து ரூட்டருக்கு ஒரு சின்ன கேபிள், ரூட்டரிலிருந்து காற்று வழியாக மாடி லேப்டாப்புக்கு. டெஸ்க்டாப் டயல் செய்யும். கிடைத்த இணைப்பை எக்ஸ்பியில் உள்ள இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங் மாடிக்கும் பகிர்ந்து கொடுக்கும். விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்ட வசதிதான் இது. ஆப்பிள் 1999-இல் கொண்டு வந்த ஏர்போர்ட் என்ற வயர்லெஸ் பெட்டியில் 56கே மோடமே உள்ளே இருந்தது. அப்படி ஒன்று இருந்திருந்தால் போன் லைனை நேராகப் பெட்டியில் சொருகியிருக்கலாம், டெஸ்க்டாப் ஓட வேண்டியதே இல்லை. மருமகன் வாங்கியதோ பிராட்பேண்டுக்கான ரூட்டர். அதில் போன் லைனுக்கு வாயே கிடையாது.

முதல் மாலை ஒரு அற்ப விஷயத்தில் போனது. லேப்டாப்பில் சிக்னல் நிறையக் காட்டியது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. ஷேரிங்கை இயக்கியதும் எக்ஸ்பி தன் லேன் கார்டுக்கு 192.168.0.1 என்ற முகவரியைத் தானே வைத்துக்கொண்டு, கேட்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் அந்த வரிசையில் முகவரி கொடுக்கத் தொடங்கும். ரூட்டரும் பிறவியிலேயே அதே வேலையைச் செய்யும், 192.168.1 என்ற வேறு வரிசையில். லேப்டாப் ரூட்டரிடம் முகவரி வாங்கி, வெளியே போக வழி ரூட்டர்தான் என்று நம்பி அங்கேயே நின்றது. ரூட்டருக்கு வெளியே போக வழியே இல்லையே. முகவரி கொடுக்கும் ரூட்டரின் அந்த வேலையை (டிஹெச்சிபி) அணைத்து, அதற்கு 192.168.0.2 என்று ஒரு முகவரி கொடுத்து, கேபிளை வேன் (WAN) என்று போட்ட வெளி இணைப்புத் துளையிலிருந்து எடுத்து லேன் (LAN) என்ற உள் இணைப்புத் துளையில் சொருகியதும் சரியானது. இதற்கப்புறம் அது ரூட்டர் இல்லை, வெறும் அக்சஸ் பாயின்ட், வயரில் வருவதைக் காற்றில் விடும் பெட்டி.

இரண்டாவது தப்பு என்னுடையது. மாடி அறையில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. சுண்ணாம்புச் சுவர் இரண்டு குறுக்கே இருந்தால் அப்படித்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடம், நடை, மாடிப்படி என்று ஒன்றரை மணி நேரம் அலைந்தேன். கடைசியில் முற்றத்துப் பக்கமுள்ள ஜன்னல் மாடத்தில் வைத்ததும் மூன்று கோடு வந்தது. முற்றம் மேலே திறந்தது, மாடி அறையின் ஜன்னலும் அதே முற்றத்தைப் பார்த்தது. பெருமையாக இறங்கி வந்தேன். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 802.11ஜி பெட்டிக்கு அட்டையில் 54 மெகாபிட். சிக்னல் செத்துப்போய் இருப்பதிலேயே கடைசி வேகமான 1 மெகாபிட்டுக்கு இறங்கினாலும், 40 கிலோபிட் போன் லைனைப் போல இருபத்தைந்து மடங்கு. ஒரு கோடு போதும். அந்த ஒன்றரை மணி நேரமும் வீண். பிராட்பேண்டில் ஊறிய கை டயல்-அப் வீட்டுக்கு வந்தால் முதலில் தொடுவது வயர்லெஸ்ஸைத்தான். கோளாறு கிட்டத்தட்ட எப்போதும் செம்புக் கம்பியில் இருக்கும்.

பாதுகாப்புக்கு எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கை சிடியில் கொண்டு போயிருந்தேன். அதில் வயர்லெஸ்ஸுக்கான டபிள்யூபிஏ பூட்டும், தானாக இயங்கும் ஃபயர்வாலும் சேர்ந்தே இருந்தன. 2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் புழு வந்தபோது டயல்-அப்பில் இருந்த கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை; இணைந்த சில நிமிடத்தில் அறுபது நொடியில் அணைந்துவிடும் என்ற பெட்டி வந்து நிற்கும். அதைப் பார்த்தவன் ஃபயர்வால் இல்லாமல் லைனைப் பகிர மாட்டான். அந்த சர்வீஸ் பேக் சுமார் 270 எம்பி. அந்த லைனில் இறக்கியிருந்தால் பதினாறு பதினேழு மணி நேரம் ஓடியிருக்கும், நடுவில் யாரும் போனை எடுக்காமல் இருந்தால்.

26,400

இணைந்தது. ஆனால் நொண்டியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தது. மோடம் காட்டிய வேகம் 26,400.

அந்த எண்ணே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 56கே மோடத்தின் வி.90 முறை 1,333 கூடக்கூட ஏறும்: 40,000, 41,333, 42,667 என்று. பழைய வி.34 முறை 2,400-இன் மடங்கில் ஏறும்: 26,400, 28,800, 31,200, அதிகபட்சம் 33,600. ஆக 26,400 என்று வந்தால் 56கே கைகுலுக்கலே நடக்கவில்லை, மோடம் தோற்றுப் பழைய முறைக்கு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் வழியில் சிக்னல் அனலாக்-டிஜிட்டல் என்று இன்னொரு முறை மாற்றப்பட்டாலும் இப்படி ஆகும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. லைனில் இரைச்சல் இருந்தாலும் ஆகும். ரிசீவரை எடுத்து ஒரு எண்ணை மட்டும் அழுத்திவிட்டு டயல் டோன் நின்ற அமைதியில் காதை வைத்தேன். அப்பளம் பொரிகிற சத்தம்.

போன் கம்பி வந்து சேரும் ரோசட் பெட்டி வெளிச்சுவரில், கடலைப் பார்த்து இருந்தது. ஜூனில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற நாள். மன்னார் வளைகுடாப் பக்கம் அந்தக் காற்றில் உப்பு திவலையாகவே வரும். சைக்கிள் செயின் ஒரு வாரத்தில் சிவந்துவிடும். மூடியின் திருகு சுற்றவில்லை, துருவில் ஒட்டிப்போய் இருந்தது. நெம்பி எடுத்தேன். உள்ளே இரண்டு செம்புத் திருகும் பச்சையாய்க் களிம்பேறி, கோயில் விளக்கை ஒரு வருஷம் துலக்காமல் விட்டதுபோல் இருந்தன. ஒரு கம்பி திருகைத் தொட்டும் தொடாமல் நின்றது. ஒரு மூலையில் எறும்பு முட்டை வேறு.

லைன்மேன் வந்து செய்ய வேண்டிய வேலைதான். புகார் கொடுத்து ஒன்பது நாள் ஆகியும் யாரும் வராததால் நானே செய்தேன். கம்பியை இரண்டு அங்குலம் வெட்டி, பளபளப்பான செம்பு வரும் வரை உரித்து, புது ரோசட்டை வீட்டுக்குள் சுவரில் வைத்து, திருகின் மேல் கொஞ்சம் வாசலின் தடவினேன். தரைக்கடியில் போகும் டெலிபோன் கேபிளுக்குள் ஜெல்லி அடைப்பதும் ஈரம் உள்ளே வராமல் இருக்கத்தான். அதே வைத்தியம், சின்ன அளவில். சமையல்கட்டுக்குப் போன பழைய பேரலல் லைனையும் கழற்றினேன். அங்கே போனே இல்லை, வெறும் கம்பி தொங்கிக்கொண்டு இரைச்சலை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மறுபடி டயல் செய்தபோது 42,667. மூன்று மணி நேரம் அறுபடாமல் நின்றது. அன்று இரவு எட்டு மணிக்கு, சிங்கப்பூரில் பத்தரைக்கு, மூத்த மகள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கீழே யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதானே வேண்டியிருந்தது.

செப்டம்பர் பில்

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். செப்டம்பர் முதல் வாரம் ஹாஜியார் கடைக்கே வந்துவிட்டார், கையில் டெலிபோன் பில். வழக்கமாக இரண்டு மாதத்துக்குத் தொள்ளாயிரம் சொச்சம். இப்போது மூவாயிரத்து நூறு.

"புள்ளைங்க பேசட்டும், அதுக்கு நான் கணக்குப் பார்க்கல. ஆனா தம்பி, சுபுஹுக்கு முன்னாடி எழுந்திரிக்கையில அந்தப் பெட்டி தானா கத்துது. பக்கத்துல யாரும் இல்ல. மாடியிலயும் தூங்குறாங்க."

மோடம் டயல் செய்யும்போது போடும் கீச்சுக்குரலைத்தான் சொன்னார். விடிகாலை மூன்றரை மணிக்கு அதைத் தனியாகக் கூடத்தில் கேட்பது எப்படி இருந்திருக்கும்! முதலில் வீட்டம்மா இளைய மகளைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். அவள் மூன்று நாளாகப் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது.

நான் போய் முதலில் செய்தது, எக்ஸ்பியின் மோடம் பதிவேட்டில் 'பழையதோடு சேர்த்து எழுது' என்பதை டிக் செய்ததுதான். இல்லாவிட்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் பழையதை அழித்துவிட்டு எழுதும். எதையும் மாற்றாமல் மூன்று இரவு விட்டுவிட்டேன். யாரும் உட்காராத நேரத்தில் பதினெட்டு அழைப்பு. இரவு பதினொன்று தாண்டியதிலிருந்து மணிக்கு ஒன்று, கடிகாரம் வைத்தாற்போல. ஒவ்வொன்றும் இருபது நிமிடம் நீடித்து, இன்டர்நெட் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் ஒரு இரவுக்கு இரண்டு மணி நேரம் போன் கட்டணத்தைக் கணக்கிடும் பல்ஸ் ஓடியிருக்கிறது. செத்தும் கொடுத்தார் சீதக்காதி என்பது அந்த ஊர்க்காரரைப் பற்றிய பழமொழி. ஹாஜியார் தூங்கியும் கொடுத்திருக்கிறார்.

யார் கேட்டு டெஸ்க்டாப் டயல் செய்கிறது? நான்காம் நாள் இரவு டெஸ்க்டாப்பில் ஈத்தீரியலை ஓடவிட்டு, லேன் கார்டு வழியாக வருவதையெல்லாம் பதிவு செய்தேன். (அடுத்த வருஷம் வயர்ஷார்க் என்று பெயர் மாறியது அதே மென்பொருள்தான்.) காலையில் பார்த்தால் பட்டவர்த்தனம். 3:24-க்கு மாடி லேப்டாப் 192.168.0.1-ஐப் பார்த்து ஒரு பெயருக்கு முகவரி கேட்கிறது. மோடம் பதிவேட்டில் அதற்கு இரண்டு நொடி கழித்து டயல். அந்தப் பெயர், லேப்டாப்போடு கடையிலேயே போட்டுக் கொடுத்த ஆன்ட்டிவைரஸின் அப்டேட் சர்வர்.

சங்கிலி இப்படி ஓடியது. மூத்த மகள் மெசஞ்சரை மூடுவார், லேப்டாப்பை அணைக்க மாட்டார். பிள்ளை காலையில் எழுந்ததும் கார்ட்டூன் கேட்கும். ஆன்ட்டிவைரஸ் சிங்கப்பூர் பழக்கத்தில் மணிக்கொருமுறை அப்டேட் தேடும். இணைப்பு எப்போதும் இருக்கும், காசு ஆகாது என்பது அதன் நினைப்பு. ஷேரிங்கில் 'வலையில் யாராவது இன்டர்நெட் கேட்டால் உடனே டயல் செய்' என்ற பெட்டியை நான்தான் டிக் செய்திருந்தேன், மாடியிலிருந்து ஒருவர் கீழே வந்து டயல் செய்யச் சொல்லக் கூடாதே என்று. அப்டேட் முடிந்ததும் போனை வைக்கச் சொல்ல யாரும் இல்லை. இணைப்பின் அமைப்பில் சும்மா இருந்தால் எத்தனை நிமிடத்தில் வைக்க வேண்டும் என்ற இடத்தில் 'ஒருபோதும் வேண்டாம்' என்று இருந்தது. அதை நான் மாற்றவில்லை. மறுமுனை சலித்துப்போய் இருபது நிமிடத்தில் வெட்டும். அடுத்த மணி மறுபடி.

பழுது எதிலும் இல்லை. ஒவ்வொரு பொருளும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு டயலிங் உரிமையைக் கொடுத்தது நான்.

மாற்றியது

அந்த டிக்கை எடுத்தேன். அப்படியானால் மாடியிலிருந்து எப்படி டயல் செய்வது? அதே பக்கத்தில் கீழே இன்னொரு பெட்டி உண்டு: 'வலையில் உள்ள மற்றவர்களும் இந்த இணைப்பைப் போடலாம், எடுக்கலாம்.' அதை டிக் செய்தால் லேப்டாப்பின் நெட்வொர்க் பக்கத்தில் இன்டர்நெட் கேட்வே என்று ஒரு படம் வரும். இரண்டு முறை கிளிக் செய்தால் கீழே மோடம் டயல் செய்யும். வேலை முடிந்ததும் அதிலேயே துண்டிக்கலாம். ஒரு நிபந்தனை: டயல்-அப்பின் பெயரையும் கடவுச்சொல்லையும் அந்தக் கம்ப்யூட்டரை யார் பயன்படுத்தினாலும் செல்லும்படி சேமித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடியிலிருந்து கிளிக் செய்தும் நடக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு டீயும் ஒரு தொதலும் ஆனது.

சும்மா இருந்தால் பத்து நிமிடத்தில் வைத்துவிடும்படி மாற்றினேன். ஆன்ட்டிவைரஸை நாளுக்கு ஒருமுறை, இணைப்பு இருந்தால் மட்டும் என்று வைத்தேன். டயல் செய்து முடிய முப்பது நாற்பது நொடி ஆகும் என்பதையும், பொறுக்காமல் பக்கத்தைத் திறந்தால் 'காட்ட முடியவில்லை' என்று வந்து பயமுறுத்தும் என்பதையும் மூத்த மகளிடம் சொன்னேன். "சோறு வடிக்கிற மாதிரி, அவசரப்பட்டா ஆகாது" என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

ஒன்று மட்டும் அமைப்பால் தீரவில்லை. இளைய மகள் கீழே ஒரு பாட்டை இறக்கிக்கொண்டிருந்தால் மாடியில் குரல் வெட்டி வெட்டி வரும். குரலைச் சுருக்கி அனுப்பும் அக்காலத்துக் கோடெக்குகளுக்கு 6 முதல் 13 கிலோபிட் போதும். 42-இல் இடம் தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் கோப்பு வருவது 1,500 பைட் கட்டுகளாக. அப்படி ஒரு கட்டு இந்த லைனில் இறங்கக் கால் நொடிக்கு மேல் ஆகும். நாலைந்து கட்டு வரிசையில் நின்றால் குரல் அவற்றின் பின்னால் ஒரு நொடி காத்திருக்கும். பாலத்தில் லாரி நிற்கும்போது சைக்கிளும் நிற்பதுதான். எக்ஸ்பியின் ஷேரிங்கில் குரலை முன்னால் விடச் சொல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. கடைசியில் லாத்தாவும் தங்கச்சியும் பேசி முடிவு செய்தார்கள்: இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை டெஸ்க்டாப்பில் யாரும் எதையும் இறக்கக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வரை யாருமே இணையக் கூடாது, அது கொல்கத்தா நேரம். டயல்-அப்பில் இருக்கும்போது போன் வந்தால் இணைப்பைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும் வசதி வி.92 மோடத்தில் உண்டு, அந்த மோடத்திலும் இருந்தது. மறுமுனையும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒத்துழைக்கவில்லை. நேரம் எழுதிய அட்டையை டெஸ்க்டாப்பின் மேல் இளைய மகள் ஒட்டினாள்.

அக்டோபரில் மழை தொடங்குமுன் ஒருமுறை போய், இடி இடிக்கும்போது மோடத்திலிருந்து போன் லைனைப் பிடுங்கிவிடச் சொல்லிவிட்டு வந்தேன். கரண்ட் பிளக்கைப் பிடுங்குவார்கள், போன் லைனை மறந்துவிடுவார்கள். அந்தப் பருவத்தில் என் கடைக்கு வந்த மோடங்களில் பாதிக்கு மேல் போன் லைன் வழியாகத்தான் கருகியிருந்தன.

நவம்பர் பில் ஆயிரத்து முந்நூறு. தினமும் ஒன்றரை மணி நேரப் பேச்சும் சேர்த்து. ஹாஜியாருக்குத் திருப்தி.

கிளம்பும்போது மூத்த மகள் உம்மா மூலமாக ஒன்று கேட்டுவிட்டார்: அந்த டயல் சத்தத்தை நிறுத்த முடியுமா? மாடியில் கிளிக் செய்தால் கூடம் முழுக்கக் கீச்சிட்டு, இதோ புருஷனோடு பேசப் போகிறாள் என்று ஊருக்கு அறிவிக்கிறதாம். நியாயம்தான். மோடத்துக்கு ஒரு எழுத்தும் ஒரு பூஜ்யமும் கட்டளையில் சேர்த்தால் வாயை மூடிவிடும். ஹாஜியார் தலையை ஆட்டினார். "வேணாம் தம்பி. அது கத்துனதாலதான் பிடிச்சோம்."

இருவருக்கும் நடுவில் நான். ஒலியை இருப்பதிலேயே குறைந்த அளவில் வைத்துவிட்டு, மோடத்தை ஹாஜியாரின் சாய்வு நாற்காலிப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.